குட்டி இரயில் கூடல்

பின்வரும் கட்டுரையை வாசித்துக் கருத்துணர்க.

நவராத்திரி வந்துவிட்டால் சில வீடுகளில் கொலுப்படிகளின் அருகே, தரையில், ஒரு சிற்றூர் உருவாகிவிடும். தட்டில் மண்ணைப் பரப்பிக் கடுகோ கேழ்வரகோ தூவினால் சில நாள்களில் அது பச்சை வயலாகும். கண்ணாடித் துண்டு குளமாகும். தீப்பெட்டிகள் வீடுகளாகும். குளத்தைச் சுற்றி ஒரு பொம்மை இரயிலும் ஓடும். பிள்ளைகளின் கண்கள் மேல்படியில் இருக்கும் சாமி பொம்மைகளைவிட அந்த இரயிலின் மீதே நிலைத்திருக்கும்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் தன் பொம்மை இரயிலை எடுத்து வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துப் பெரிய பாதையாக்கலாம் என்று இருவரும் ஆசையோடு உட்காருகிறார்கள். ஆனால், ஒன்றின் அகலம் கூடுதல். மற்றொன்றின் அகலம் குறைவு. ஒன்றின் கொக்கி மற்றொன்றில் மாட்டவில்லை. இரண்டு இரயில்களும் தனித்தனியே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இது சிறு பிள்ளைகளின் சிக்கலாகத் தோன்றலாம். உண்மையில், உலகெங்கும் உள்ள மாதிரி இரயில் ஆர்வலர்களும், நாடுகளை இணைத்த இரயில்வே பொறியாளர்களும் இதே சிக்கலைத்தான் சந்தித்தார்கள். அவர்கள் அதை எவ்வாறு தீர்த்தார்கள்? அந்தத் தீர்வுக்கும் நம் முன்னோருக்கும் என்ன தொடர்பு? இப்பாடம் அவற்றை ஆராய்கிறது.

1. பொம்மையும் மாதிரியும்

பொம்மை இரயிலுக்கும் மாதிரி இரயிலுக்கும் உள்ள வேறுபாடு அளவில்தான் இருக்கிறது. பொம்மையைச் செய்பவர் பார்ப்பதற்கு அழகாக இருந்தால் போதும் என்று நினைப்பார். மாதிரியைச் செய்பவரோ உண்மையான இரயிலின் ஒவ்வோர் அளவையும் ஒரே எண்ணால் வகுத்துச் சிறிதாக்குவார். அவ்வாறு சிறிதாக்கும் விகிதமே அளவு விகிதம் எனப்படும்.

இன்று உலகில் பரவலாக வழங்கும் விகிதங்களுள் இரண்டை அறிந்துகொள்வோம். முதலாவது, எச்ஓ எனப்படும் 1:87 விகிதம். இதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். இரண்டாவது, என் எனப்படும் 1:160 விகிதம். இதன் அகலம் 9 மில்லிமீட்டர். 1:160 விகிதத்தில் 20 மீட்டர் நீளமுள்ள இரயில் பெட்டி 12.5 சென்டிமீட்டராகச் சுருங்கும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மனிதர் சரியாக ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பார்.

இந்தக் கணக்கை டெங்கில் மாணவர்கள் தங்கள் வட்டாரத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து அனைத்துலக விமான நிலையத்திற்குச் செல்லும் விரைவு இரயில் 2002ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் ஓடத் தொடங்கியது. புத்ராஜெயா, சைபர்ஜெயா நிலையத்தைக் கடந்து, சிப்பாங் மாவட்டத்தின் வழியே செல்லும் 57 கிலோமீட்டர் பாதை அது. அதன் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். அதை 160ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் வருகிறது. ஆகவே, கடையில் கிடைக்கும் 9 மில்லிமீட்டர்த் தண்டவாளத்தில் இந்த இரயிலின் மாதிரியை அளவு பிசகாமல் ஓட்டலாம்.

இனி, கிள்ளானுக்கும் சிரம்பானுக்கும் செல்லும் கேடிஎம் இரயிலை எடுத்துக்கொள்வோம். அதன் தண்டவாள அகலம் 1,000 மில்லிமீட்டர், அதாவது ஒரு மீட்டர். 160ஆல் வகுத்தால் 6.25 மில்லிமீட்டர்தான் வருகிறது. 9 மில்லிமீட்டர்த் தண்டவாளத்தில் அதன் மாதிரியை ஓட்டினால், பாதை இருக்கவேண்டிய அளவைவிட அகலமாகிவிடும். மாதிரி செய்பவர் இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அளவு சிறிது பிசகினாலும் பரவாயில்லை, மற்றவர்களோடு சேர்ந்து ஓட்டவேண்டும் என்பாரா? தனித்து ஓட்டினாலும் பரவாயில்லை, அளவு சரியாக இருக்கவேண்டும் என்பாரா? கோலாலம்பூர் சென்ட்ரலில் இவ்விரண்டு இரயில்களும் ஒரே கூரையின் கீழ் வந்து நிற்கின்றன. எனினும், ஒன்றின் தண்டவாளத்தில் மற்றொன்று ஓட முடியாது. பயணிகள்தாம் ஒரு தளமேடையிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கவேண்டும்.

2. ஓர் ஒப்பந்தம் பிறந்த கதை

தொடக்கத்தில் பொம்மை இரயில் செய்த ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அளவை வைத்திருந்தது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891ஆம் ஆண்டில் லைப்சிக் நகரச் சந்தையில், எண்ணிட்ட தண்டவாள அகலங்களை அறிமுகப்படுத்தியது. ஒருமுறை இரயில் வாங்கியவர் அடுத்த ஆண்டும் அதே அளவுப் பெட்டிகளையும் தண்டவாளங்களையும் வாங்கிச் சேர்க்கலாம் என்ற நிலை வந்தது. வணிகத்திற்காகச் செய்த இந்த ஏற்பாடு பொழுதுபோக்கு ஒன்று வளர்வதற்கு அடித்தளமாயிற்று.

1910ஆம் ஆண்டில் இலண்டனில் மாதிரி இரயில் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஆர்வலர்கள் ஒன்றுகூடித் தேசிய மாதிரி இரயில்வே சங்கத்தை அமைத்தார்கள். ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்தின் தண்டவாளத்தில் ஓடாமல் தடம் புரள்வது அக்காலத்தில் அன்றாடத் தொல்லையாக இருந்தது. சக்கரத்தின் விளிம்பு எவ்வளவு இருக்கவேண்டும், தண்டவாளங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பவற்றை வரையறுத்து வெளியிடுவதே இச்சங்கத்தின் முதன்மைப் பணியாயிற்று.

அடுத்த சிக்கல் இடவசதி. பெரிய இரயில் பாதை அமைக்கப் பெரிய வீடு வேண்டும். அடுக்குமாடியில் வாழ்பவர் என்ன செய்வார்? 1970களில் தென் கலிபோர்னியாவிலிருந்த ஆர்வலர்கள் இதற்கு எளிய வழி கண்டார்கள். ஒவ்வொருவரும் முழுப் பாதையைக் கட்டவேண்டியதில்லை. ஒரு பலகையை மட்டும் கட்டினால் போதும். பலகையின் நீளம் 4 அடி, அகலம் 2 அடி. தரையிலிருந்து தண்டவாளத்தின் உயரம் 40 அங்குலம். முன்பக்கத்தில் மூன்று தண்டவாளங்கள் குறித்த இடைவெளியில் செல்லவேண்டும். பலகையின் இரு விளிம்புகளிலும் இந்த அளவுகள் மாறக்கூடாது. என்டிராக் எனப்பட்ட இந்த முறையின்படி, முன்பின் அறியாத இருவர் இரு வேறு ஊர்களில் செய்த பலகைகளைக்கூட ஒரு மண்டபத்தில் வைத்து இணைத்துவிடலாம்.

இதே எண்ணம் ஐரோப்பாவிலும் வேர்விட்டது. ஜெர்மனியில் 1981ஆம் ஆண்டில் தோன்றிய ஃபிரேமோ அமைப்பினர் விளையாட்டு அரங்குகளில் கூடி, பலகைகளை இணைத்து, உண்மையான இரயில்வேயைப் போலவே கால அட்டவணை வைத்து ஓட்டுகிறார்கள். ஜப்பானிய ஆர்வலர்களின் மேசைத் தண்டவாளங்களைக் கண்டு உருவான டிடிராக் முறையில் பலகை இன்னும் சிறிதாகிவிட்டது. ஒரு பலகையின் நீளம் ஏறத்தாழ 31 சென்டிமீட்டர்தான். அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு இரயிலிலேயே கூடலுக்குப் போய்விடலாம்.

தனியொருவர் பெருமுயற்சியால் உருவான மாதிரி உலகங்களும் உண்டு. இந்தியாவின் புனே நகரிலுள்ள ஜோஷி சிற்றளவு இரயில்வே காட்சியகம் அவற்றுள் ஒன்று. ஆனால், கூடலின் இயல்பு வேறு. அங்கே யாருடைய பலகையும் தனியாக முழுமை பெறுவதில்லை.

3. கூடல் நாளில் நடப்பது

அதிகாலையில் மண்டபம் திறக்கும். வண்டிகளிலிருந்து பலகைகள் இறங்கும். ஒரு பலகையில் பனி மூடிய மலை; அடுத்ததில் மீன்பிடித் துறைமுகம்; அதற்கடுத்து ஒரு பழைய பட்டணத்துத் தெரு. அவற்றைச் செய்தவர்கள் பல தொழில்களைச் சேர்ந்தவர்கள். ஓய்வுபெற்ற இரயில் ஓட்டுநரும் பள்ளி மாணவரும் ஒரே மேசையின் கீழ் குனிந்து திருகாணி முடுக்குவார்கள்.

பலகைகளை இணைத்ததும் முதலில் உயரத்தைச் சரிபார்ப்பார்கள். அரை மில்லிமீட்டர் மேடு இருந்தால்கூட விரைந்து வரும் பெட்டி கவிழ்ந்துவிடும். நம் நாட்டைப் போன்ற ஈரப்பதமுள்ள இடங்களில் ஒட்டுப்பலகை உப்பிக்கொள்ளும். ஆகவே, பலகையின் அடிப்புறத்திலும் சாயம் பூசிவிடுவது நல்லது.

அடுத்தது மின்சாரம். மாதிரி இரயில், தான் ஓடும் தண்டவாளங்களின் வழியாகவே மின்சாரத்தைப் பெறுகிறது. இரண்டு தண்டவாளங்களும் ஒரு மின்சுற்றின் இரு முனைகளாக அமைகின்றன. சக்கரங்கள் அவற்றைத் தொட்டு மின்சாரத்தை எடுத்து மோட்டாரை இயக்குகின்றன. முப்பது பலகைகளில் ஒரே ஒரு பலகையின் கம்பிகள் இடம் மாறியிருந்தால் போதும். குறுக்குச் சுற்று ஏற்பட்டு முழுப் பாதையும் நின்றுவிடும். அப்போது யார் தவறு செய்தார் என்று தேடிக் குறைசொல்வதில் பயனில்லை. பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பழுதைக் கண்டுபிடித்து, மீண்டும் இணைப்பார்கள். தண்டவாளத்தில் படிந்த தூசும் மின்சாரத்தைத் தடுக்கும். எனவே, வண்டி ஓடுவதற்கு முன் பாதை முழுவதையும் துடைப்பது ஒருவரின் தனிப் பொறுப்பாக இருக்கும்.

பிறகு ஓட்டம் தொடங்கும். ஒருவர் நிலைய அதிகாரி, ஒருவர் ஓட்டுநர், ஒருவர் பாதை மாற்றிகளைக் கவனிப்பவர். அட்டவணைப்படி ஓட்டும் கூடல்களில் கடிகாரத்தையும் வேகமாக ஓடவிடுவதுண்டு. உண்மையான கால்மணி நேரம் அங்கே ஒரு மணி நேரமாகக் கணக்கிடப்படலாம். சரக்கு வண்டி தாமதமானால் பயணிகள் வண்டி காத்திருக்கும். ஒரு நிலையத்தில் ஏற்படும் கவனக்குறைவு ஐந்தாறு பலகைகளுக்கு அப்பால் நிற்பவரையும் பாதிக்கும். ஊர்கூடித் தேர் இழுக்கும்போது வடம் பிடிக்கும் ஒவ்வொரு கைக்கும் வேலை இருப்பதைப் போல, இங்கும் சும்மா நிற்பவர் எவருமில்லை.

4. மலாயாவின் மூன்று பலகைகள்

இப்போது உண்மையான இரயில் பாதைக்கு வருவோம். மலாயாவின் இரயில் பாதைகளும் தனித்தனித் துண்டுகளாகவே பிறந்தன. 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் பேராக்கில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை முதல் பாதை திறக்கப்பட்டது. போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பெத்தாங் என்று அழைக்கப்படுகிறது. பாதையின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். 1886இல் சிலாங்கூரில் கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்த பாதை திறக்கப்பட்டது. 1891இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த பாதை வந்தது. முதல் இரண்டையும் இரு மாநில நிருவாகங்கள் அமைத்தன. மூன்றாவதை ஒரு தனியார் நிறுவனம் அமைத்தது.

மூன்றும் ஒன்றையொன்று தொடவில்லை. சுரங்க ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்வதே அவற்றின் முதன்மை நோக்கம். எனினும், மூன்றும் ஒரு மீட்டர் அகலத்தில் அமைந்திருந்தன. இந்த ஒற்றுமையின் பயன் பின்னர்த் தெரிந்தது. 1901இல் கூட்டு மலாய் மாநில இரயில்வே உருவானது. 1903இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை பாதை தொடர்ந்துவிட்டது. அகலங்கள் வேறுபட்டிருந்தால் வழியில் எங்காவது ஓரிடத்தில் ஆள்களும் மூட்டைகளும் இறங்கி வண்டி மாறியிருக்க வேண்டும்.

அவ்வாறு மாறவேண்டிய நிலை இந்தியாவில் நெடுங்காலம் இருந்தது. அங்கே 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையும் மீட்டர் பாதையும் பக்கம் பக்கமாக ஓடின. சென்னை எழும்பூரிலிருந்து தென் மாவட்டங்களுக்குச் சென்ற வண்டிகள் பல்லாண்டுகள் மீட்டர் பாதையில்தான் ஓடின. வடக்கே செல்லும் வண்டிகளோ சென்னை சென்ட்ரலிலிருந்து அகலப் பாதையில் புறப்பட்டன. பாதைகளை ஒரே அகலத்திற்கு மாற்றும் பெருந்திட்டத்தை இந்திய இரயில்வே 1992இல் தொடங்கியது. நீலகிரி மலை இரயில் தன் மீட்டர் பாதையிலேயே இன்றும் மலையேறுகிறது.

மலாயாவின் முதல் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படையினர் கொண்டுவரப்பட்டனர். அடுத்து வந்த பாதைகளில் தென்னிந்தியத் தமிழர்கள் காடு வெட்டினர், மண் கொட்டினர், கட்டைகள் அடுக்கித் தண்டவாளம் பதித்தனர். பாதை அமைந்த பின் அதைப் பேணும் வேலையிலும் அவர்களே இருந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணியாற்றினர். பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் தமிழர் குடியிருப்புகள் வளர்ந்ததற்கு இரயில்வேயே முக்கியக் காரணம். இன்று கோலாலம்பூர் சென்ட்ரல் நிற்கும் நிலம் ஒரு காலத்தில் சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் இரயில் களமாக இருந்தது. செந்தூலில் பெரிய இரயில் பட்டறை இயங்கியது.

ஒரே அளவு என்பது நன்மைக்கு மட்டும் பயன்படுவதில்லை என்பதையும் வரலாறு காட்டுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942க்கும் 1943க்கும் இடையில், ஜப்பானியப் படையினர் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதையை அமைத்தனர். அதுவும் மீட்டர் பாதையே. அதற்காக மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அகலம் ஒன்றாக இருந்ததால் மலாயாவின் வண்டிகளும் அங்கே ஓட முடிந்தது. தண்டவாளங்களோடு மனிதர்களும் கொண்டுசெல்லப்பட்டனர். மலாயாவின் தோட்டங்களிலிருந்து சென்ற பல்லாயிரம் தமிழர்கள் அங்கே நோயாலும் பசியாலும் மாண்டனர். அதைச் சயாம் மரண இரயில் பாதை என்று நம் பெரியவர்கள் இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

5. எதை வைப்பது, எதை விடுவது?

மாதிரி செய்பவரால் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதையின் 13 கிலோமீட்டரை 1:160 விகிதத்தில் சுருக்கினாலும் அது 80 மீட்டருக்கு மேல் நீளும். எந்தப் பள்ளி மண்டபத்தில் அதற்கு இடம் உண்டு? ஆகவே, வளைவுகளை இறுக்கி, தூரங்களைக் குறைத்து, பத்து வீடுகள் இருந்த இடத்தில் மூன்று வீடுகளை வைப்பார்கள். அந்த மூன்றைப் பார்த்தவுடன் ஊரை அறிந்தவர் அதை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

இங்கேதான் பொழுதுபோக்கு ஒரு பொறுப்பாக மாறுகிறது. கோலாலம்பூரின் பழைய இரயில் நிலையத்தை மாதிரியாகச் செய்ய விரும்புவோர் பலர் இருப்பர். 1910இல் எழுந்த அந்தக் கட்டடத்தின் வளைவுகளும் குவிமாடங்களும் கண்ணைக் கவரும். ஆனால், பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர்கள் வாழ்ந்த நூறு குவார்ட்டர்ஸ் வீடுகளை யார் செய்வார்? வெயிலில் குனிந்து பாதையைச் செப்பனிடும் தொழிலாளர் குழுவை யார் வைப்பார்? அந்த மனிதரின் உயரம் 1:160 விகிதத்தில் ஒரு சென்டிமீட்டர்தான். அவரை வைக்க இடம் போதாது என்று எவரும் சொல்ல முடியாது. வைக்காமல் விட்டால், அந்தப் பாதை தானாகவே முளைத்தது போலத் தோன்றிவிடும்.

அவரை வைப்பதற்கு அவரைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். என்ன கருவி வைத்திருந்தார்? எத்தனை பேர் ஒரு குழுவில் வேலை செய்தனர்? வீட்டின் கூரை ஓடா, தகரமா? இவற்றை அறிந்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கலாம். ஒரு தாத்தாவிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டால், கடையில் வாங்க முடியாத விவரங்கள் கிடைக்கும்.

6. டெங்கிலில் ஒரு கூடல் நடந்தால்

டெங்கில் வட்டாரம் கடந்த முப்பது ஆண்டுகளில் வேகமாக மாறியிருக்கிறது. 1990களின் நடுவில் புத்ராஜெயாவை உருவாக்கும் பணி தொடங்கியது. அது எழுந்த நிலத்தில் பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்தன. முதல் உலகப் போருக்குப் பின் அப்போரில் பங்கேற்றவர்கள் தொடங்கிய தோட்டம் என்பதால், ‘பெரும் போர்’ என்னும் பொருளில் அப்பெயர் அமைந்தது. அங்கு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் டெங்கிலிலுள்ள தாமான் பெர்மாத்தாவில் குடியமர்ந்தன. லயத்து வீடுகளும் பிரட்டுக் களமும் கோயிலும் ஆயாக் கொட்டகையும் இருந்த இடங்களை இப்போது வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. அவற்றில் வாழ்ந்தவர்களின் நினைவில் அவை இன்னும் தெளிவாக இருக்கின்றன.

இத்தகைய ஊரில் மாணவர்கள் ஒரு குட்டி இரயில் கூடலை நடத்தினால் எப்படியிருக்கும்? செலவைப் பற்றி அஞ்சவேண்டியதில்லை. மோட்டார் பொருத்திய ஓர் இரயிலும் சில மீட்டர்த் தண்டவாளமும் பள்ளிக்குப் பொதுவாக இருந்தால் போதும். பலகைக்கு ஒட்டுப்பலகையோ தடித்த நுரைப்பலகையோ போதுமானது. கட்டடங்களுக்குப் பழைய அட்டைப்பெட்டி, மரங்களுக்குக் காய்ந்த குச்சியும் பஞ்சும், தகரக் கூரைக்கு நெளிவுள்ள அட்டை என்று கையில் கிடைப்பவற்றைக் கொண்டே தொடங்கலாம்.

முதலில் எல்லாக் குழுக்களும் கூடி விளிம்பின் அளவுகளை முடிவு செய்யவேண்டும். பலகையின் அகலம், உயரம், தண்டவாளம் விளிம்பைத் தொடும் இடம், மின்கம்பிகளின் நிறம் ஆகிய நான்கும் எல்லாருக்கும் பொது. அவற்றை எழுதி ஒட்டிவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு குழுவும் தன் விருப்பப்படி செயல்படலாம். ஒரு குழு கிள்ளானைச் செய்யட்டும். ஒரு குழு பிரிக்பீல்ட்ஸைச் செய்யட்டும். இன்னொரு குழு தாமான் பெர்மாத்தாவின் பெரியவர்களிடம் கேட்டறிந்து, மறைந்த தோட்டம் ஒன்றைச் செய்யட்டும். விரைவு இரயில் பறக்கும் இன்றைய புத்ராஜெயாவை மற்றொரு குழு எடுத்துக்கொள்ளட்டும்.

கூடல் நாளில் அந்தப் பலகைகள் இணையும்போது, உண்மையில் ஒரே பாதையில் அமையாத ஊர்களும் ஒரே பாதையில் வந்துவிடும். ஒரு காலத்தில் இருந்த தோட்டத்திலிருந்து இன்று இருக்கும் நகரத்திற்கு இரயில் போகும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாட்டி ஒருவர் வந்து அந்தப் பலகையின் முன் நின்றால், “கோயில் இந்தப் பக்கம் இல்லையம்மா, ஆற்றுக்கு அந்தப் பக்கம்” என்று திருத்தக்கூடும். அப்போது கோயிலை எடுத்துச் சரியான இடத்தில் ஒட்டவேண்டும். அந்தத் திருத்தம் எந்தப் புத்தகத்திலும் இல்லாத தகவலாக இருக்கலாம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரின் இரயில்கள் சேராமல் போனதற்குக் காரணம் அவர்களின் பாதைகள் வேறுபட்டிருந்ததுதான். விளிம்பை முன்னரே பேசி வைத்திருந்தால், ஒருவர் குளத்தையும் மற்றவர் மலையையும் தம் விருப்பப்படி அமைத்திருக்கலாம். இரயில் இரண்டையும் சுற்றி வந்திருக்கும். பல இனத்தவர் சேர்ந்து வாழும் நம் நாட்டிலும், எல்லாரும் ஒரே மாதிரி இருக்கவேண்டியதில்லை. இணையும் இடத்தில் ஒத்துப்போனால் போதும். அப்படி ஒத்துப்போகும் வேளையில், நம் பலகையில் நம் கதையைச் சொல்லும் பொறுப்பு நம்முடையதே.

அருஞ்சொற்பொருள்

அளவு விகிதம் – உண்மைப் பொருளின் அளவுக்கும் மாதிரியின் அளவுக்கும் உள்ள தொடர்பு
விளிம்பு – ஓரம்
பாதை மாற்றி – இரயிலை ஒரு தண்டவாளத்திலிருந்து வேறொன்றுக்குத் திருப்பும் அமைப்பு
குறுக்குச் சுற்று – மின்சாரம் செல்லவேண்டிய வழியை விட்டுக் குறுக்கே பாய்தல்
லயம் – தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்
பிரட்டுக் களம் – தோட்டத் தொழிலாளர்கள் காலையில் பெயர் கொடுக்கக் கூடும் இடம்
ஆயாக் கொட்டகை – பெற்றோர் வேலைக்குச் செல்லும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்

கருத்துணர்தல் கேள்விகள்

1. பொம்மை இரயிலுக்கும் மாதிரி இரயிலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 1935ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சங்கத்தின் முதன்மைப் பணி யாது? அப்பணி ஏன் தேவைப்பட்டது?
3. கூடலின்போது முழுப் பாதையும் நின்றுபோகக் கூடிய இரு காரணங்களைக் குறிப்பிடுக.
4. மலாயாவின் முதல் மூன்று இரயில் பாதைகளும் ஒரே அகலத்தில் அமைந்ததால் பின்னர் விளைந்த நன்மை என்ன?
5. ‘ஒரே அளவு என்பது நன்மைக்கு மட்டும் பயன்படுவதில்லை’ என்னும் கூற்றைக் கட்டுரையிலுள்ள சான்றுடன் விளக்குக.
6. ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள தொழிலாளரை மாதிரியில் வைப்பது முக்கியம் என்று கட்டுரையாளர் கருதுவது ஏன்?

உயர்நிலைச் சிந்தனை

7. கேடிஎம் இரயிலின் மாதிரியைச் செய்யும் ஒருவர், அளவு பிசகினாலும் மற்றவர்களோடு சேர்ந்து ஓட்டலாமா, தனித்து ஓட்டினாலும் அளவைக் காக்கலாமா? உன் கருத்தைத் தக்க காரணங்களுடன் எழுதுக.

நடவடிக்கை

அ. உங்கள் வீட்டிலோ வட்டாரத்திலோ உள்ள பெரியவர் ஒருவரைச் சந்தித்து, இப்போது இல்லாத ஓர் இடத்தைப் பற்றிக் கேட்டறிக. அவ்விடத்தின் எளிய வரைபடத்தை வரைக. வரைந்ததை அவரிடம் காட்டித் திருத்தம் பெறுக.
ஆ. குழுவாக அமர்ந்து, உங்கள் பள்ளியில் நடத்தக்கூடிய குட்டி இரயில் கூடலுக்கான விதிமுறைகளைப் பத்து வாக்கியங்களுக்கு மிகாமல் எழுதி வகுப்பில் படைத்திடுக.